இடது தண்டவாளம்

வாசலில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு நடந்து போகிறவன் சலாம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. பகையாளியாக இருந்தாலும் வாய்க்குள் முனகிவிட்டாவது போவான். சொல்லாமல் தாண்டினால் உன்னை மனுஷனாகவே மதிக்கவில்லை என்று அர்த்தம். இதற்காக வெங்காய வயலில் மண்வெட்டி தூக்கியிருக்கிறார்கள்.

கலஃபின் வைத்தியத்தைக் கெடுத்தது இந்த சலாம்தான்.

காலையில் தேநீர் குடித்ததும் வாசல் பெஞ்சில் வந்து உட்காருவான். முகம் கிழக்கே மலையைப் பார்த்திருக்கும். மலையில் வெள்ளையாகத் தூசி எழும்பிக்கொண்டிருக்கும். அவன் இருபது வருஷம் கல் அறுத்த இடம். படகுத்துறையிலிருந்து வரும் பாதை அவனுக்கு இடது கைப்பக்கம். அந்தப் பாதையில் உஸ்மான் கழுதை மேல் தீவனப்புல் ஏற்றிக்கொண்டு வருவான்.

"அஸ்ஸலாமு அலைக்கும், கலஃபு!"

கலஃப் சட்டென்று கழுத்தைத் திருப்புவான். "வ அலைக்குமுஸ்ஸலாம். என்ன உஸ்மானு, கழுதை உன்னைவிடக் கொழுத்துப்போச்சு. யாரு யாருக்குப் புல்லு அறுக்கறீங்க?"

உஸ்மான் சிரித்துக்கொண்டே போவான். போய், டீக்கடையில் சொல்வான், "கலஃபுக்கு ஒரு குறையும் இல்லப்பா. தூரத்துல வரும்போதே பார்த்துட்டான். கழுதையோட வயித்தை அளக்கறான்."

ஊரே அப்படித்தான் சொன்னது. சலாம் சொல்லாமல் அவன் இடது பக்கம் வந்து நின்றவள் ஒருத்திதான். அவன் பெண்டாட்டி நவ்வாரா.

பருத்தி பறித்து முடிந்த மறுவாரம் அது நடந்தது. லாரியில் அடுக்கிய கல்லில் ஒன்று சரிந்து கலஃபின் பின்மண்டையில், வலது பக்கம் இறங்கியது. அண்ணன் ஹம்தான்தான் மலையில் மேஸ்திரி. தம்பியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு ஆற்றைத் தாண்டி மின்யா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். இருபது நாள் கழித்துக் கலஃப் நடந்து திரும்பி வந்தான். கை கால் நன்றாக இருந்தது. பேச்சு நன்றாக இருந்தது. வீட்டுக்குள் நுழையும்போது இடது தோள் நிலைக்கதவில் மோதியது. "இது எப்ப இங்க வந்துச்சு?" என்றான். அவன் அப்பன் வைத்த நிலை அது.

தட்டில் பாதிச் சோறு மிச்சம் இருக்கும். முலூகியாக் கீரை இடது பக்கம் ஆவி பறக்க இருக்க, "கீரை வைக்கலையா?" என்று கேட்பான். ஆட்டுக்குட்டி, வாளி, தண்ணீர்ப்பானை என்று மோதி மோதி முழங்கால் முழுக்கக் காயம். நவ்வாரா அவனைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கண் பார்த்தவர்கள் மாடியில் ஓர் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இல்ஹாம் என்று ஒரு டாக்டரம்மா. சின்ன வயசுதான். ஊர்க்காரி போல உரக்கப் பேசுகிறவள். அவனை ஒரு கிண்ணத்துக்குள் முகம் வைக்கச் சொல்லி, பொட்டுப் பொட்டாக வெளிச்சம் காட்டி, ஒரு காகிதம் எடுத்தாள். காகிதத்தில் ஒரு வட்டம். வலது பாதி வெள்ளை. இடது பாதி கரியைத் தேய்த்தது போல இருந்தது.

"அண்ணே, கண்ணுல ஒரு குறையும் இல்ல. பார்க்கறது கண்ணு, அதைப் புரிஞ்சுக்கறது பின்மண்டை. அடி பட்டது அங்க. அதனால ரெண்டு கண்ணுக்குமே இடது பாதி போயிருச்சு."

"எங்க போச்சு? எனக்கு எல்லாம் தெரியுதே. கறுப்பா ஒண்ணும் இல்லையே."

"உங்க முதுகுக்குப் பின்னால சுவரு இருக்கே, அது கறுப்பாவா தெரியுது?"

"அது எப்படித் தெரியும்? முதுகுல கண்ணா இருக்கு?"

"இடது பக்கமும் இனிமே உங்களுக்கு முதுகுதான்."

கலஃப் சிரித்தான். நவ்வாரா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன பாதி வருமா, டாக்டரம்மா?"

"கொஞ்சம் வந்தா அல்லாஹ் கருணை. வரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். இருக்கற பாதியைத் திருப்பித் திருப்பித் தேடப் பழக்கலாம். இந்த வைத்தியம் அவ்வளவுதான்." பிறகு கலஃபைப் பார்த்து, "மலையில கல் அறுக்கற மெஷின் ஓட்டறதுக்கு முன்னாடி என்ன பார்ப்பீங்க?" என்றாள்.

"மெஷின் ஊர்ற தண்டவாளத்தை. மேல கல்லுகில்லு கிடக்கா, ரெண்டும் ஒழுங்கா உட்கார்ந்திருக்கான்னு."

"முதல்ல எது?"

"ஏதோ ஒண்ணு."

"இனிமே எங்க போனாலும் முதல்ல இடது தண்டவாளம். தட்டைப் பார்த்தாலும் சரி, தெருவைப் பார்த்தாலும் சரி. கண்ணை மட்டும் ஓட்டினாப் போதாது. கழுத்தைத் திருப்பி அந்த ஓரம் கிடைக்கற வரைக்கும் போங்க. ஓரம் கிடைச்சதும் அங்கருந்து மெதுவா வலது பக்கம் வாங்க."

அடையாளத்துக்கு இடது ஓரங்களில் சிவப்புத் துணி கட்டச் சொன்னாள். தாம்பாளத்தில் அவரை விதையைப் பரப்பி ஒன்று விடாமல் பொறுக்கச் சொன்னாள். கிளம்பும்போது நவ்வாராவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தினம் பத்து தடவை அவரோட இடது பக்கமாப் போய் நில்லுங்க. பேசாதீங்க. செருப்புச் சத்தமும் வேண்டாம். அவரா தேடிக் கண்டுபிடிக்கணும். யாராவது குரல் குடுத்தா காதே தலையைத் திருப்பிரும், கண்ணு பழகாது. ஊருல எல்லார்கிட்டயும் சொல்லிருங்க. பத்துக்குப் பத்து வந்தா என்கிட்ட கூட்டிட்டு வாங்க. நான் பார்க்காம மலைக்கு மட்டும் அனுப்பாதீங்க."

ஊரில் சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. நவ்வாரா உஸ்மானிடம் போய்ச் சொன்னாள். "அவரு வாசல்ல இருந்தா சத்தம் போடாமப் போங்க, அண்ணே. வைத்தியம்."

உஸ்மான் கழுதையை நிறுத்திவிட்டான். "சலாம் சொல்லாமயா? அவன் வாசல்லயா? எங்கப்பன் குழியிலருந்து எந்திரிச்சு வந்து அடிப்பான் தாயி. நாளைக்கு நான் செத்தா என் மையித்தைத் தூக்கக் கலஃப் வருவானா?"

"கண்ணு பழகணும், அண்ணே."

"கண்ணுக்கு வேற மருந்து கேளு. மரியாதையைக் குறைக்கச் சொல்ற டாக்டரை நான் கேள்விப்பட்டதில்ல."

பள்ளிவாசல் இமாமிடம் போனாள். அவர் தாடியைத் தடவி யோசித்தார். சலாம் சொல்வது நல்ல வழக்கம், பதில் சொல்வதுதான் கடமை. அதனால் நோயாளிக்காகச் சொல்லாமல் இருந்தால் பாவம் இல்லை என்றார். மறுநாள் அவரே அந்த வழியாகப் போனார். கலஃபைக் கண்டதும் நாக்கு நிற்கவில்லை. பாங்கு சொல்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, நவ்வாரா ஒருத்திதான் ஊமையானாள். வெறுங்காலோடு வந்து இடது பக்கம் நிற்பாள். அவன் திரும்புகிறானா என்று பார்ப்பாள். ஐம்பது எண்ணுவாள். திரும்பாவிட்டால் வந்த வழியே போய்விடுவாள். கண்டுபிடித்தால் ரொட்டி அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் கரியால் ஒரு கோடு. ராத்திரிக்குள் மூன்று கோடு விழும். நாலு விழுந்தால் நல்ல நாள். மறுநாள் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவாள்.

கலஃபுக்கு இது முதல் மாதம் விளையாட்டாக இருந்தது. "எங்க ஒளிஞ்சிருக்கா என் பொண்டாட்டி?" என்று காற்றைத் துழாவுவான். குளிர் வந்தது. கால் விறைக்கிற காலையில் அவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் இருப்பான். மற்ற ஆம்பிளைகள் லாரியில் தொற்றிக்கொண்டு மலைக்குப் போவார்கள். போகிறபோது ஒவ்வொருத்தனும் சலாம் சொல்வான். சாயங்காலம் முகமெல்லாம் வெள்ளையாகத் திரும்பி வருவார்கள். அப்போதும் சொல்வார்கள். நடுவில் இருக்கிற பகல் முழுக்க அவன் அவரை விதை பொறுக்கினான்.

ஒருநாள் அவள் இடது பக்கம் வைத்த தேநீர்க் குவளையை அவன் முழங்கை தட்டிவிட்டது. கொதிக்கக் கொதிக்க மடியில் கொட்டியது. அவள் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள், நாற்பத்து மூன்று எண்ணியிருந்தாள்.

"இங்கயேவாடி நிக்கற?" கத்தினான். "வச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதா?"

"டாக்டரம்மா சொன்னது தெரியுமில்ல, ஸைத் அப்பா."

"தெரியும். தெரிஞ்சாலும் வலிக்குது. ஊருல நாயி கூட குரைச்சுட்டுத்தான் என் பக்கத்துல வருது. நீ திருடி மாதிரி வர்ற, திருடி மாதிரி போற. செத்துட்டானான்னு எட்டிப் பார்த்துட்டுப் போற மாதிரி இருக்கு."

"அப்படிச் சொல்லாதீங்க."

"நீ எப்ப வந்தே, எப்ப போனேன்னு தெரியாம, வெறும் சுவரைப் பார்த்து நான் எத்தனை நாளு பேசிட்டு இருந்திருக்கேன், தெரியுமா உனக்கு?"

அவளுக்குத் தெரியும். அந்த நேரங்களில் எல்லாம் அவள் அங்கே நின்றிருக்கிறாள். மகன் ஸைத் ராணுவத்திலிருந்து லீவில் வந்தால் அவனிடம் என்ன சொல்வது, வெங்காயம் எப்போது பிடுங்குவது என்று அவன் வலது பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பான். பதில் சொல்ல நாக்கு துடிக்கும். எண்ணிக்கொண்டே நிற்பாள்.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஹம்தானின் பெண்டாட்டி பஹிய்யா. இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம், ஒரே அடுப்பு. அவள் வாய்க்கு ஊரில் வேலி கிடையாது.

"ஏண்டி நவ்வாரா, ஊமைச்சியைக் கட்டிட்டு வந்தமாதிரி ஆக்கிட்டியே அவனை. ஆம்பிளைக்கு வேணுங்கறது ஒரு வார்த்தை. அதுல கூடக் கஞ்சத்தனமா?"

"அக்கா, நான் பேசினா காது திருப்பிரும்."

"திருப்பட்டும். எது திருப்பினா என்ன? கழுத்து திரும்புதுல்ல?"

வசந்தம் வந்தபோது ஹம்தான் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்தான். தேநீரில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினான்.

"கலஃபு இடத்துல மெஷின் ஓட்டுற பய அடுத்த வாரம் ஊருக்குப் போறான். முதலாளி வேற ஆளைக் கொண்டு வந்துட்டா அப்புறம் இவனுக்கு அந்த இடம் இல்ல. நான் மேஸ்திரி, நான் சொன்னா நடக்கும். ஆனா இப்பச் சொல்லணும்."

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லண்ணே," என்றான் கலஃப். "ஊரைக் கேளு."

"ஊருதான் சொல்லுதே. இவ ஒருத்தி தான் அந்தக் கரிக்கோட்டைக் கட்டிட்டு அழறா."

நவ்வாரா வாசற்படியில் நின்றிருந்தாள். "அந்த மெஷின்ல கல் அறுக்கற வாளு மனுஷ உயரத்துக்குச் சுத்துது, அத்தான். இடது பக்கம் கல்லு பொறுக்கறவன் குனிஞ்சிருப்பான். இவருக்கு அங்க முதுகு."

"அதெல்லாம் உனக்கெதுக்கு? வீட்டுல கிடந்து வெந்தா மட்டும் ஆளு பிழைச்சுருவானா? பாரு, எப்படி ஆயிட்டான்."

கலஃப் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அழுதுவிடுவானோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அந்தப் பயத்தில் சொன்னாள்:

"ஒரே ஒரு நாள், பத்துக்குப் பத்து என்னைக் கண்டுபிடிங்க. என் கையால மலைக்கு ரொட்டி கட்டித் தர்றேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். இது என் வாக்கு."

மறுநாள் நாலு. அதற்கு மறுநாள் மூன்று. பிறகு பாலைவனத்திலிருந்து வசந்தத்து மணல்காற்று அடிக்க ஆரம்பித்தது. வானம் மஞ்சளாகி, சூரியன் பழைய செப்புக்காசு மாதிரி தொங்கியது. மலையில் வேலை நின்றது. பல்லுக்கிடையில் மணல். மாவில் மணல். வீடு வீடாக இருமல். பஹிய்யா தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு முற்றத்திலேயே கிடந்து இருமினாள்.

காற்று அடித்த மூன்று நாளில் கலஃப் தேறினான். முதல் நாள் ஆறு. இரண்டாம் நாள் எட்டு. அவள் மாட்டுத் தொழுவத்து மூலையில் நின்றாள், கழுத்தைத் திருப்பினான். தண்ணீர்ப்பானைக்குப் பின்னால் நின்றாள், திருப்பினான். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒன்பது கோடு விழுந்திருந்தது. காற்று ஓய்ந்துகொண்டிருந்தது. அவள் இடது பக்கம் வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து எண்ணவில்லை, அவன் திரும்பினான். அவள் முகத்துக்கு நேரே பார்த்தான்.

"அங்க நிக்கறா பாரு. வாயைத் தைச்சுக்கிட்டு, கழுதை மாதிரி."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஓடிப்போய்ப் பத்தாவது கோட்டைச் சுவரில் இழுத்தாள். கரி உடைந்து கையெல்லாம் ஆனது. அந்தக் கையோடு அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து மாதத்துப் பேச்சையும் அன்று பேசித் தீர்த்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். டாக்டரம்மா லீவு, வியாழன்தான் வருவாள் என்றார்கள்.

"வியாழன் வரைக்கும் பொறுங்க. நாலு நாளுதானே."

"வாக்கு குடுத்தது நீயா, டாக்டரா?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பேசிய குரலில் கேட்டான். அவளால் மறுக்க முடியவில்லை.

விடிவதற்கு முன் எழுந்து, முந்தின நாள் சுட்டு வைத்த ரொட்டியில் மூன்றை எடுத்தாள். பழைய உப்புப் பாலாடைக்கட்டி, இரண்டு வெங்காயம், ஒரு பச்சை மிளகாய். எல்லாவற்றையும் அவனுடைய நீலக் கட்டம் போட்ட துணியில் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டாள். லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. கலஃப் முகத்தைச் சுற்றிக்கட்டுகிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். லாரியில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சலாம் சொன்னார்கள். அவன் ராஜா மாதிரி பதில் சொன்னான். வீட்டைவிட்டு வெளியே வரும்போது அவன் நிலைக்கதவில் இடிக்கவில்லை. அதன் இடது ஓரத்தில்தான் சிவப்புத்துணி கட்டியிருந்ததே.

வெயில் ஏறியதும் பஹிய்யாவும் நவ்வாராவும் அடுப்படியில் உட்கார்ந்தார்கள். நவ்வாரா பாடிக்கொண்டே மாவு தட்டினாள்.

"பாடுடி, பாடு," என்றாள் பஹிய்யா. "இந்தப் பாட்டுக்கு எனக்கு என்ன தரப்போற?"

"உனக்கு எதுக்கு அக்கா?"

"எதுக்கா? மூணு நாளா இருமி இருமி என் நெஞ்சுல ரத்தம் கட்டிப்போச்சு."

நவ்வாராவின் கை மாவில் நின்றது.

"நீ அவன் இடது பக்கம் போவ. நான் ஒரு இருமல் இருமுவேன். அவன்கிட்ட அடுப்படியில வச்சு முன்னாடியே சொல்லிட்டேன், தம்பி, நான் இருமினா திரும்புன்னு. முதல்ல வேண்டாம்னான். அப்புறம் ஒண்ணும் சொல்லலை." பஹிய்யா ரொட்டியை அடுப்புக்குள் தள்ளினாள். "என்னடி அப்படிப் பார்க்கற? அவன் வாசல்ல கிழவி மாதிரி விதை பொறுக்கிட்டு இருந்ததை நீ பார்த்துட்டு இருப்ப. என்னால முடியல. அவனைத் தூக்கி வளர்த்தவ நான்."

"பத்து தடவையுமா அக்கா?"

"மூணோ நாலோ அவனா பார்த்தான். மிச்சம் நான்."

நவ்வாரா எழுந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. கறுப்புத் துணியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்கடி போற? மலைக்கா? பொம்பளை மலைக்குப் போவாளா? ஏ நவ்வாரா! ஊரு சிரிக்கும்டி!"

எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் அந்த மலைக்கு ஏறியதில்லை. செத்தவனைக் கூட ஆம்பிளைகள்தான் கீழே கொண்டு வருவார்கள். அவள் லாரிப் பாதையில் நடந்தாள். கரும்பு வயல் முடிந்து, இடுகாடு முடிந்து, பச்சை என்று ஒன்று இல்லாத இடம் ஆரம்பித்தது. ஒன்றேகால் மணி நேரம். செருப்பு வார் அறுந்தது, முடிச்சுப் போட்டுக்கொண்டாள். வாளின் ஊளை முதலில் கொசு மாதிரி கேட்டது. ஏற ஏற அது பல்லுக்குள் இறங்கியது.

மேலே எல்லாம் வெள்ளை. தரை வெள்ளை, வெட்டி இறக்கிய சுவர் வெள்ளை, ஆட்கள் வெள்ளை. கண் இமை வரைக்கும் வெள்ளை. மூன்று நாள் காற்று தேய்த்துவிட்டுப் போன தரையில் தூசி சலித்த மாவு போல வழவழவென்று கிடந்தது. அதன் மேல் கறுப்பாக அவள் ஒருத்தி நின்றாள். கல் பொறுக்குகிறவர்கள் பார்த்துவிட்டார்கள். ஒருத்தன் கையை ஆட்டி என்னவோ கத்தினான். வாய் அசைந்தது தெரிந்தது, சத்தம் வரவில்லை. அங்கே யாரும் யாருக்கும் சலாம் சொல்ல முடியாது.

கலஃப் மெஷினோடு நடந்துகொண்டிருந்தான். முகத்தில் துணி சுற்றியிருந்தாலும் தோளை வைத்து அவளுக்குத் தெரிந்தது. இரண்டு தண்டவாளத்தின் மேல் மெஷின் ஊர்ந்தது. வாள் கல்லுக்குள் இறங்கி வெள்ளைப் புகையைக் கக்கியது. இடது பக்கம் ஷெஹாத்தா என்கிறவன் குனிந்து கல் எடுத்துக்கொண்டிருந்தான். மெஷின் நெருங்கியதும் அவன் துள்ளி விலகினான். தாண்டியதும் திரும்ப வந்து குனிந்தான். அடுத்த தடவையும் துள்ளினான். அவன் துள்ளிய விதத்தில் காலையிலிருந்தே துள்ளிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. ஆனால் மேஸ்திரியின் தம்பியிடம், இருபது வருஷக்காரனிடம், உனக்குக் கண் தெரியவில்லை என்று எவன் சொல்வான்?

அவள் இடது தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கை நீட்டினால் அவனைத் தொடலாம். அவன் வந்தான். நேராகப் பார்த்துக்கொண்டு, அவளைத் தாண்டிப் போனான். கலாபியா அங்கியின் ஓரம் அவள் மேல் உரசியது. எண்ண ஆரம்பித்தாள். மெஷின் கடைசி வரை போய்த் திரும்பியது. இப்போது அவள் வலது பக்கம் ஆகிவிடுவாள் என்பதால் தண்டவாளத்தைத் தாண்டி மறுபடியும் அவன் இடது பக்கம் போய் நின்றாள். வந்தான். போனான். மறுபடியும் மாறி நின்றாள். 'முதல்ல இடது தண்டவாளம்' என்று வாயை அசைத்தாள். இங்கே சிவப்புத்துணி எங்கும் இல்லை. மூன்றாவது தடவை அவள் நூற்று அறுபதை எண்ணியிருந்தாள்.

பிறகு சுற்றிப் போய் அவன் வலது பக்கம் நின்றாள்.

உடனே பார்த்தான். கை போய் சுவிட்சை அணைத்தது. வாள் நிற்க நேரம் எடுத்தது. ஊளை இறங்கி இறங்கி, கடைசியில் காதில் வெறும் ரீங்காரம் மட்டும் மிஞ்சியது. அவன் முகத்துணியை இறக்கினான்.

"என்னாச்சு? ஸைத்துக்கு ஏதாவதா?"

"இல்ல. ஒண்ணும் இல்ல."

"எப்ப வந்தே?"

"இப்பத்தான்."

அவன் அவள் காலைப் பார்த்தான். முழங்கால் வரை வெள்ளை. ஷெஹாத்தாவைப் பார்த்தான். ஷெஹாத்தா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் கலஃப் அதைச் செய்தான். கழுத்தைத் திருப்பினான். மெதுவாக, டாக்டரம்மா சொன்ன மாதிரியே, இடது தண்டவாளம் கிடைக்கிற வரைக்கும் திருப்பினான். கிடைத்ததும் அங்கிருந்து மெதுவாகப் பார்த்துக்கொண்டே வலது பக்கம் வந்தான்.

தூசியில் செருப்புத் தடம் இருந்தது. சின்னத் தடம். ஒரு செருப்பு வாரில் முடிச்சு, அது ஒவ்வொரு தடத்திலும் ஒரு பொட்டாகப் பதிந்திருந்தது. தண்டவாளத்துக்கு அரை அடி தள்ளி, இரண்டு காலும் சேர்ந்து ஆழமாக நின்ற இடம் ஒன்று. இந்தப் பக்கம் ஒன்று. மறுபடியும் அந்தப் பக்கம் ஒன்று. பக்கத்திலேயே அவனுடைய பூட்ஸ் தடம் எங்கும் நிற்காமல் போயிருந்தது.

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு," என்றான். "இதை நானாப் பார்த்தேன். யாரும் இருமிக் காட்டலை."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹம்தான் கல் குவியலுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தான். "மெஷினை எவன்டா நிறுத்தினது? இவ யாரு, இவ எதுக்குடா இங்க?"

கலஃப் அண்ணனைத் தாண்டி நடந்தான். கம்பத்தில் தொங்கிய ரொட்டி மூட்டையை எடுத்து வந்தான். வரும்போது தண்டவாளம் தடுக்கியது. விழவில்லை. அவள் போட்ட இரண்டு முடிச்சும் அப்படியே இருந்தன. மூட்டையை அவள் கையில் வைத்தான்.

"இந்தா, ஸைத் அம்மா. வா போகலாம்."

"டே கலஃபு!"

"ஷெஹாத்தாவை விட்டு ஓட்டச் சொல்லுண்ணே. அவனுக்குத்தான் உயிரு மேல ஆசை இருக்கு."

இறக்கத்தில் இரண்டு பேரும் நடந்தார்கள். கீழே ஆறும் கரும்பும் வெயிலில் நடுங்கிக்கொண்டிருந்தன. கொஞ்ச தூரம் அவள் அவனுக்கு வலது பக்கம் நடந்தாள். பிறகு பாதை சரிவு பக்கம் ஒடுங்கியது. சரிவு அவனுக்கு இடது பக்கம். அவள் பின்னால் சுற்றி இடது பக்கம் வந்தாள். வந்ததும் பழக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். அவன் நேராகப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். தனியாக நடக்கிறவன் முகம் மாதிரி இருந்தது அந்த முகம். பதினொன்று, பன்னிரண்டு.

எண்ணுவதை விட்டுவிட்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், ஸைத் அப்பா."

ஐந்து மாதத்தில் அந்தப் பக்கத்திலிருந்து அவள் முதன்முதலாகச் சொன்ன சலாம் அது. அவன் நடை ஒரு கணம் தடுமாறியது.

"வ அலைக்குமுஸ்ஸலாம்," என்றான்.

கழுத்தைத் திருப்பவில்லை. ஆனால் அந்த முகம் இப்போது தனியாக நடக்கிறவன் முகம் மாதிரி இல்லை.